எதைச் செய்தாலும் தவறு என்று தோன்றும்போது ஒரு கிறிஸ்தவர் எப்படி முடிவெடுப்பது?

கேள்வி இதுதான்: உண்மையைச் சொன்னால் ஒருவருக்குக் கேடு வரும், மறைத்தால் பொய் சொன்னதாகும். ஒருவருடைய ரகசியத்தைக் காப்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் இன்னொருவர் பாதிக்கப்படுவார், மீறினால் வாக்குத் தவறியதாகும். இதற்கென்று வேதத்தில் நேரடியான வசனம் இல்லை. ஜெபித்தும் தெளிவு வரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிறிஸ்தவர் எப்படி முடிவெடுக்க வேண்டும்?

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சிக்கலிலிருந்தும் கறைபடாமல் வெளியே வருவதற்கான சூத்திரம் எதையும் கிறிஸ்தவ விசுவாசம் தருவதில்லை. இந்தக் கேள்வியில் சபை ஒரே குரலில் பேசியதும் இல்லை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் யோசிக்கச் சில வழிகளை அது கற்றுத் தருகிறது. முடிவெடுத்த பிறகு அந்தப் பாரத்தோடு தேவனுக்கு முன்பாக நிற்க இடமும் தருகிறது. என் அனுபவத்தில் நமக்கு அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவதுதான்.

முதல் வேலை, உங்கள் முன் இருப்பது உண்மையிலேயே இக்கட்டா, இல்லை, விலை அதிகமான ஒரு சரியான காரியமா என்று பிரித்துப் பார்ப்பது. நாம் தர்மசங்கடம் என்று சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடு என்கிறார் மேலதிகாரி. மறுத்தால் வேலை போகும். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். வேதனையான நிலைமைதான். ஆனால் எது சரி என்பதில் இங்கே சந்தேகம் இல்லை, அந்த விலையைக் கொடுக்க நம்மால் முடியுமா என்பதில்தான் சந்தேகம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் "ஆண்டவரே, தெளிவு தாரும்" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்க வேண்டியது தைரியம். "ஜெபித்தும் பதில் வரவில்லை" என்பவர்களில் பலருக்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது, அது பிடிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதைச் சொல்வதால் விலையை அலட்சியப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். விலையைக் குறைக்க வழி தேடுவது கோழைத்தனம் ஆகாது. தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த வாலிபன் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கிறான், அரசாங்க வேலைக்குத் தயாராகிறான், பெல்தெஷாத்சார் என்ற பெயரையும் ஏற்கிறான். அது "என் தேவனுடைய நாமத்தின்படியே" இடப்பட்ட பெயர் என்று நேபுகாத்நேச்சாரே பின்னால் சொல்கிறான். அந்நிய தெய்வத்தின் பெயரையே சுமந்துகொண்டவன் ராஜாவின் போஜனத்தில்தான் கோடு போடுகிறான். அங்கேயும் சண்டை போடவில்லை. தன்னைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிக்கு உயிர்ப் பயம் இருப்பதைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாரும் என்று மாற்றுவழி ஒன்றை முன்வைக்கிறான். எல்லா இடத்திலும் கோடு போடுகிறவர் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார், எங்குமே போடாதவரிடம் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. உங்கள் கோடு எங்கே என்று நெருக்கடி வருவதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது. குஷ்டம் நீங்கி, இனி கர்த்தரை மட்டுமே சேவிப்பேன் என்று முடிவெடுத்த பிறகு அவன் தீர்க்கதரிசியாகிய எலிசாவிடம் ஒன்று கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக. "சமாதானத்தோடே போ" என்கிறார் எலிசா. அவ்வளவுதான், விளக்கவுரை எதுவும் இல்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரிடம் முதல் நாளே இரத்தசாட்சியின் வீரத்தை எதிர்பார்க்கிறவர்கள் அந்த அதிகாரத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கலாம்.

சரி, உண்மையான இக்கட்டுக்கு வருவோம். இரண்டு பக்கமும் தேவனுடைய கட்டளை நிற்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் கைக்கொள்ள முடியவில்லை. அப்போது என்ன செய்வது?

கட்டளைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, விசேஷித்தவைகளாகிய நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று பரிசேயரைக் கடிந்துகொண்டார். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாமல் இருப்பீர்களா என்று கேட்டார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களைக் கண்டித்தார். ஒரு பக்திக் கடமையைக் கேடயமாகப் பிடித்து ஒரு மனிதக் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் தந்திரம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் வெந்தயமும் சீரகமும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிடவில்லை, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றே முடித்தார். கனமானது முன்னே வரும்போது லேசானது வழிவிடும். அதற்காக அது செல்லாததாகி விடுவதில்லை.

வாக்கு விஷயத்திலும் இந்த எடை வேறுபாட்டைப் பார்க்கலாம். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று பதினைந்தாம் சங்கீதம் நீதிமானைப் புகழ்கிறது. அங்கே நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள், ஆணையிட்டவனுக்கு. வாக்கு மாறாமல் நடந்துகொண்ட ஒருவன் சுவிசேஷத்திலும் வருகிறான். ஏரோது. விருந்தாளிகள் முன்னால் போட்ட ஆணையைக் காப்பாற்ற யோவான்ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்னான். யெப்தா தன் பொருத்தனைக்காக மகளையே கொடுத்தான். நம் வாக்கின் விலையை இன்னொருவர் தலையில் கட்டுவது உண்மையுள்ள குணம் ஆகாது என்பதற்கு இந்த இரண்டு கதைகளும் போதும்.

பொய் பற்றிய விவாதம்தான் இதில் பழையதும் ஆழமானதும். யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள், ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், எபிரெயப் பெண்கள் பலமுள்ளவர்கள், நாங்கள் போவதற்கு முன்பே பிரசவித்துவிடுகிறார்கள் என்று கதை விட்டார்கள். தேவன் அவர்களுக்கு நன்மைசெய்தார் என்று வேதம் சொல்கிறது. எரிகோவில் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரை மறைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்றாள். எபிரெயர் நிருபமும் யாக்கோபும் அவளைப் புகழ்கின்றன.

ஆதிச்சபையின் பெரிய இறையியலாளர்களில் ஒருவரான அகஸ்டின் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பொய்யைப் பற்றி அவர் இரண்டு நூல்கள் எழுதினார், ஒன்று 395 வாக்கில், மற்றது 420 வாக்கில். பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, சில வகைகள் மற்றவற்றைவிடக் கொடியவை, ஆனால் எட்டுமே பாவம் என்றார். மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த நன்மை அவர்கள் காட்டிய இரக்கத்துக்குத்தான், சொன்ன பொய்க்கு அல்ல என்பது அவர் வாதம். தன் சொந்த ஊரான தகாஸ்தேயில் முன்பு பேராயராக இருந்த ஃபிர்முஸ் என்பவரை எடுத்துக்காட்டுகிறார். ஒருவனை ஒளித்துவைத்திருந்த அவரிடம் பேரரசரின் ஆட்கள் வந்து கேட்டபோது, என்னால் பொய்யும் சொல்ல முடியாது, காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றாராம். சித்திரவதை செய்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசரே வியந்து, ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்புக் கொடுத்தார்.

அற்புதமான கதைதான். ஆனால் நான் எப்போதும் கேட்பது, சித்திரவதையைத் தாங்க முடியாதவர் என்ன செய்வார்? கேட்டவர்கள் மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வீட்டைச் சோதனை போட்டிருந்தால்? அகஸ்டினின் காலத்திலேயே வாழ்ந்த துறவி ஜான் காசியன் வேறு மாதிரி எழுதினார். விஷமுள்ள மூலிகையை உயிர் போகும் நோயில் மட்டும் மருந்தாகக் கொடுப்பதைப் போல, வேறு வழியே இல்லாத ஆபத்தில் மட்டும் பொய்யைக் கையாளலாம், சும்மா இருக்கும்போது உட்கொண்டால் அது கொல்லும் என்று ஒரு மூத்த துறவியின் வாயில் வைத்துச் சொல்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த விவாதம் ஏடுகளை விட்டு வீட்டு வாசலுக்கு வந்தது. பிரான்சின் லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தில் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவருடைய சபையாரும் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த யூதர்களை ஒளித்துவைத்தார்கள். 1942 ஆகஸ்டில் அதிகாரிகள் பட்டியல் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்தார். அங்கே போலி அடையாள அட்டைகளும் புழங்கின, அது அந்த மக்களின் மனச்சாட்சியை உறுத்தாமலும் இல்லை. ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்த லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943இல் சிறைப்பட்ட பிறகு, உண்மை பேசுவது என்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. அதில் ஓர் ஆசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளையிடம், உன் அப்பா குடித்துவிட்டு வருகிறாராமே என்று கேட்கிறார். உண்மைதான், ஆனால் பிள்ளை இல்லை என்கிறது. பிள்ளை சொன்னது பொய் என்பதை போன்ஹோஃபர் மறுக்கவில்லை. ஆனால் கேட்க உரிமையில்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியர் மேல்தான் குற்றம் என்கிறார். தன் குடும்பத்தைக் காத்த அந்தப் பதிலில், அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் பதிலைவிட அதிக உண்மை இருக்கிறது என்பது அவர் முடிவு.

நான் இதில் அகஸ்டினோடு முழுவதும் போக மாட்டேன். கொலை செய்ய வருகிறவனுக்கு வழிகாட்டும் கடமை எனக்கு இல்லை. ஆனால் அகஸ்டின் ஏன் இவ்வளவு கறாராக நின்றார் என்பது வயது ஏற ஏறப் புரிகிறது. ஒரு விதிவிலக்கைத் திறந்துவிட்டால் நாம் எல்லாரும் அதன் வழியாகப் புகுந்துவிடுவோம். நாஜிகளின் கதையைச் சொல்லிவிட்டு வரிப் படிவத்தில் பொய் எழுதுகிறவர்கள் உண்டு. ராகாப் தன் உயிரைப் பணயம் வைத்துப் பொய் சொன்னாள், நாம் சொல்லும் பெரும்பாலான பொய்களோ நம் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக. என்னிடம் யாராவது ராகாபை மேற்கோள் காட்டினால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பொய்யால் காப்பாற்றப்படுவது யார், அதற்காக ஆபத்தில் நிற்பது யார்? முதலாவதற்கு "நான்தான்" என்றும் இரண்டாவதற்கு "யாரோ ஒருவர்" என்றும் பதில் வந்தால் அது ராகாபின் பொய் இல்லை.

நன்மை வரும்படிக்குத் தீமை செய்வோம் என்பதைப் பவுல் ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் அடியோடு தள்ளுகிறார். இதிலிருந்துதான் நோக்கத்தையும் பின்விளைவையும் பிரித்துப் பார்க்கும் முறை வளர்ந்தது. தற்காப்பைப் பற்றி எழுதும்போது பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமஸ் அக்வினாஸ், ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், நாம் நாடுவது ஒன்றாகவும் நாடாமல் நேர்வது மற்றொன்றாகவும் இருக்கலாம் என்றார். பாடநூல் விஷயம்போலத் தெரிந்தாலும், மரணப் படுக்கைக்கு அருகில் நிற்கிற குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்றாலும், வலியைத் தணிப்பதே நோக்கமானால் கொடுக்கலாம் என்று 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சொன்னார். அதே ஆண்டு, சுவாசக் கருவி போன்ற அசாதாரணமான சிகிச்சைகளை எப்படியும் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்றும் விளக்கினார். கத்தோலிக்கர் அல்லாத பலரும் இதை ஏற்கிறார்கள். சாகும்படி செய்வது வேறு, சாவை அதற்கு மேல் தடுக்காமல் இருப்பது வேறு. கருவியை எடுக்கச் சொன்னதால் அப்பாவைக் கொன்றுவிட்டேனோ என்று வருடக்கணக்கில் புழுங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதேநேரம், நோக்கம் என்பது வாயால் சொல்லிக்கொள்வது இல்லை. சொத்தையோ சலிப்பையோ உள்ளே வைத்துக்கொண்டு "வலியைக் குறைக்கத்தான்" என்பவரை இந்த முறை காப்பாற்றாது.

அப்புறம், மனச்சாட்சி. ரோமர் பதினாலாம் அதிகாரத்தில் பவுல் சொல்வது, சந்தேகத்தோடு செய்கிறவன் குற்றவாளியாகிறான், "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே." அக்வினாஸ் இதை இன்னும் கூர்மையாக்கினார்: தவறான மனச்சாட்சிக்கு எதிராக நடப்பதும் பாவம்தான். ஆனால் மனச்சாட்சி சொன்னது என்பதற்காக நாம் நிரபராதி ஆகிவிடுவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டிருந்தால் அந்தக் குற்றம் நம்முடையதே. அதனால் "எனக்கு மனசு சமாதானமாக இருக்கிறது" என்பதை மட்டும் சாட்சியாக வைத்து ஒரு முடிவைச் சரி என்று சொல்ல நான் தயங்குவேன். யோனா கர்த்தரை விட்டு ஓடும்போது கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் தேவனுடைய சித்தத்தின் நடுவில் நின்றவருக்கோ வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது.

அடையாளம் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிதியோன் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் இல்லை. தேவன் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அவனுக்கு நம்பிக்கைதான் வரவில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்போஸ்தலர் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆதிச்சபை தன் மிகப் பெரிய சிக்கலைத் தீர்த்தது எப்படி? கூடினார்கள், மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று, பேதுரு தன் அனுபவத்தைச் சொன்னார், யாக்கோபு வேதவாக்கியத்தோடு பொருத்திப் பார்த்தார், கடைசியில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். தர்க்கமும் ஆவியானவரின் நடத்துதலும் ஒரே அறையில் இருந்தன.

இந்த வேலைக்கு, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தரும் பயிற்சிகள் எந்தச் சபையாருக்கும் பயன்படும். 1548இல் அச்சான அவருடைய தியான நூலில், தெளிவு வராதபோது மூன்று விதமாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? சாகும் தறுவாயில், எப்படி முடிவெடுத்திருக்கலாம் என்று விரும்புவீர்கள்? நியாயத்தீர்ப்பு நாளில்? முதல் கேள்வி ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்யும், ஏனென்றால் அடுத்தவர் விஷயத்தில் நமக்குச் சாக்குகள் தோன்றுவதில்லை. அவர் சொல்லும் இன்னொன்றும் முக்கியம்: உள்ளம் வறண்டு, இருண்டு கிடக்கும் வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே.

யாரிடமாவது பேசுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார் என்று தெரிந்த ஒருவரைத் தேடிப் போகாதீர்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழப்பத்தில் இருப்பவரைச் சுற்றிச் சிலர் அமர்வார்கள், அறிவுரை சொல்லக் கூடாது, உண்மையான கேள்விகளை மட்டும் கேட்கலாம். போதகர்கள் இதைக் கற்றுக்கொண்டால் எவ்வளவோ நல்லது. முடிந்தால், உங்கள் முடிவால் பாதிக்கப்படப் போகிறவரிடமும் பேசுங்கள். அவர் இல்லாத அறையில் அவரைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில்தான் அநியாயம் எளிதாக நுழைகிறது.

இவ்வளவும் செய்து, இருப்பதில் குறைந்த கேடு எதுவோ அதைத் தேர்ந்தெடுத்த பிறகும் மனம் உறுத்தினால்? உறுத்தட்டும். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசில், போரில் கொன்றவர்களைக் கொலைகாரராக முன்னோர் எண்ணவில்லை என்று ஒத்துக்கொண்டே, அவர்கள் கைகள் சுத்தமாக இல்லாததால் மூன்று ஆண்டுகள் திருவிருந்திலிருந்து விலகியிருக்கச் சொல்வது நல்லது என்று எழுதினார். தவிர்க்க முடியாததைச் செய்தவருக்கும் துக்கப்பட ஒரு காலம் வேண்டும் என்று அந்தப் பழைய சபைக்குத் தெரிந்திருந்தது. ஹிட்லரைக் கொல்லும் சதியில் பங்கெடுத்த போன்ஹோஃபர், நான் செய்தது நீதி என்று வாதாடவில்லை. பிறருக்காகக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தேவனுடைய இரக்கத்தை நம்பி நிற்பது என்றே பேசினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இது எல்லாருக்கும் திருப்தி தராது. சரியானதைச் செய்தால் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும், மன்னிப்புத் தேவைப்பட்டால் அது எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். இக்கட்டு எவ்வளவு பெரியதானாலும் பாவமில்லாத ஒரு வழி எப்போதும் இருக்கும் என்பது சில இறையியலாளர்களின் நிலை. "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்ற கொரிந்தியர் வசனத்தை அவர்கள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பவுலின் இன்னொரு வாக்கியம் அருகில் இருக்கிறது: "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை." நம் கணக்கை நாமே முடித்துக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விடுதலை!

உங்கள் கேள்வியில் வந்த ரகசியத்தைப் பற்றி மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த ரகசியம் ஒரு குழந்தையோ, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வேறு ஒருவரோ இப்போதும் துன்புறுத்தப்படுவதை மறைக்கிறது என்றால் இது இக்கட்டே இல்லை, இன்றைக்கே பாதுகாக்கக்கூடியவர்களிடம் சொல்லுங்கள். அந்த நிலையில் தவறு செய்பவரிடம் முன்கூட்டிப் பேசவும் வேண்டாம், ஆபத்து கூடிவிடும். அப்படி இல்லாமல், ஒருவருடைய பழைய பாவம், ஒரு கடன், ஒரு நோய் என்று இருந்தால், உங்களை நம்பிச் சொன்னவரிடம் முதலில் போங்கள். இதை என்னால் இனி மறைக்க முடியாது, நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று சொல்லி, ஒரு தேதி கொடுங்கள். சொல்லப் போகும்போது கூட வரத் தயார் என்றும் சொல்லுங்கள். அந்தத் தேதிவரை வேறு யாரிடமும், "ஜெபக்குறிப்பு" என்ற பெயரிலும், வாய் திறக்காதீர்கள்.